சோலைமுத்துவின் வால்

ஏப்ரல் 17

மதுரையில் இறங்கியதும் வெயில் கன்னத்தில் அறைந்து வரவேற்றது. அடுத்து அப்பா. பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான் மகளைப் பார்க்கிறார். கேட்ட முதல் கேள்வி: "லேப்டாப்பு கொண்டாந்துட்டியாத்தா?"

தங்கை நித்திலாவுக்கு வைகாசியில் கல்யாணம். திண்டுக்கல் மாப்பிள்ளை. பத்திரிகையை நான்தான் வடிவமைக்க வேண்டுமாம். வீட்டில் ஒருத்தி எழுத்து வேலை பார்க்கும்போது வெளியாளிடம் போவானேன் என்பது அப்பாவின் கட்சி.

என்ன எழுத்து வேலை என்று கேட்டால் இந்த வீட்டில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அம்மா அக்கம்பக்கத்தில் "டைப்பிங்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அப்பா "கம்ப்யூட்டர்ல தமிழு" என்பார். பெரியப்பா ராஜாங்கம் மட்டும் "போர்டு எழுதுற பெயின்டர் மாதிரிதான், ஆனா ஏசி ரூமு" என்பார். உள்ளதில் அதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் வருகிறது. அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

நான் எழுத்துருக்கள் செய்கிறேன். நான்கு வருடமாக ஒன்றே ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். பெயர் 'நாணல்'. நாணல் தட்டையைச் சீவி, மையில் தோய்த்து, ஒவ்வோர் எழுத்தையும் தாளில் எழுதிப் பார்த்து, பிடித்ததைக் கணினிக்குள் கொண்டுவந்தேன். மெல்லிய இடமும் தடித்த இடமும் மூச்சு விடுவதுபோல் மாறி மாறி வரும். தலைப்புக்கும் பலகைக்கும் மட்டுமே ஆனது. சின்னதாகப் போட்டால் கொசு செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு நகைக்கடைக்குக் காட்டினேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ரொம்ப அழகா இருக்கு மேடம், என்ன எழுதியிருக்கு?" என்றார். அவருடைய கடைப் பெயர்தான் எழுதியிருந்தது.

ஆக, நாணல் உலகத்துக்கு அறிமுகமாகப் போவது என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையில். நல்லதுதான்.

ஏப்ரல் 18

நித்திலாவுக்கு நாணலைத் திரையில் காட்டினேன். "சோலைமுத்து" என்று எங்கள் தாத்தா பெயரை அடித்தேன். ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. பிறகு கடைசி 'து'வைத் தொட்டு நீள வாலை வரவழைத்தேன். எழுத்தின் அடியிலிருந்து ஒரு கோடு கிளம்பி இடப்பக்கமாக ஓடி, வளைந்து திரும்பி, மெலிந்து மறைந்தது. நித்திலா சின்னப் பிள்ளை போலக் கைதட்டினாள்.

"எல்லா எழுத்துக்கும் இப்படி வால் வருமாக்கா?"

"தானா வராதுடி. நான் கூப்பிட்டாத்தான் வரும்."

அவளுக்கு அந்த வால் மிகவும் பிடித்துவிட்டது. பத்திரிகையில் எங்கேயாவது கட்டாயம் வைக்கச் சொன்னாள்.

சாயங்காலம் அம்மா மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் எழுத்தெல்லாம் இவ்வளவு நோஞ்சானா இருக்கு? சாப்பாடு போடுறதில்லையா அதுகளுக்கு?" என்றாள்.

ஏப்ரல் 20

பெரியப்பா வீட்டில் பத்திரிகைக்கான மகாநாடு.

பெரியப்பாவைப் பற்றி எழுதியாக வேண்டும். திருநகரில் கம்பி, சிமென்ட் கடை. கோயில் கமிட்டித் தலைவர். அவருக்குச் சாமி பக்தி எவ்வளவோ தெரியாது, தம் பெயர்மேல் உள்ள பக்தி அசைக்க முடியாதது. கோயில் மின்விசிறி ஒவ்வொன்றின் மூன்று இறக்கையிலும் 'உபயம்: ராஜாங்கம்'. விசிறி சுற்றினால் பெயர் தெரியாது என்று, பூசாரி சாமிக்கே காற்று வராமல் நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்வி. அந்த விசிறிகளில் ஒன்று மிஞ்சிப்போய் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் சுற்றுகிறது. பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில், பஸ் நிறுத்தப் பெஞ்சில், மயானத்துக் கொட்டகையில், எல்லா இடத்திலும் அவர் பெயர். மயானத்தில் எழுதியதைப் பார்த்து யாரோ மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்களாம்.

அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அதனால் அவர் சொன்னால் இந்த வீட்டில் சட்டம். பத்திரிகை அவர் பெயரில் போகும். மேலே 'அமரர் சோலைமுத்து அவர்களின் பேத்தி' என்று தாத்தா பெயர், அதற்குக் கீழே 'அழைப்பவர்: ராஜாங்கம்'. இந்த இரண்டும் மணமக்கள் பெயரும் மட்டும் நாணலில் வரும். மற்ற உறவுகளெல்லாம் கீழே சாதாரண எழுத்தில் வரிசையாக. "அப்ப நாங்கள்லாம் சாதா, நீங்க ஸ்பெசலா?" என்று அம்மாவின் தம்பி போனிலேயே மூக்கைச் சிந்தினார்.

பிறகு பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த முருகனைப் பார்த்துப் பேசினார்.

"மங்கையர்க்கரசி பேரு இதுல வேணாம்."

அப்பா வெற்றிலைக்குக் காம்பு கிள்ளத் தொடங்கினார்.

"மூத்தவ கல்யாணம் ஆகாம நிக்கிறான்னு பத்திரிகையில நாமளே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கும். மாப்பிள்ளை வீட்டுச் சனம் ஆயிரம் கேள்வி கேப்பாய்ங்க. ஒண்ணும் தப்பா நெனைச்சுக்காதத்தா."

நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. அட்டையில் இடமும் குறைவு. என் பெயர் வேறு நீளம். வடிவமைப்புப்படி பார்த்தால் அது இல்லாமலிருப்பதே அழகு. அதைத்தான் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்ல பெரியப்பா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். காபி டம்ளர்களை யாரோ தூக்கி எறிகிற மாதிரி சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் நித்திலா என் கட்டிலில் உட்கார்ந்து கண் கலங்கினாள். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்க்கா. பெரியப்பா கேக்க மாட்டேன்னுட்டாங்க." மகாநாடு முழுக்க அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள், வாய் திறந்து நான் பார்க்கவில்லை. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சொல்லிப் பார்த்திருப்பாள்.

தனக்கு எடுத்த பட்டுப்புடவைகளில் மயில்கழுத்து நிறத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

எனக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22

எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்து ரொம்ப அழுத்தமாக விழுந்திருக்கிறது. பேனா சரியில்லை.

ஏப்ரல் 25

பத்திரிகை வடிவமைப்பு முடிந்தது. பெரியப்பா கேட்ட மாற்றங்கள்: பிள்ளையார் பெரிதாக வேண்டும். பிள்ளையாருக்கு இருபக்கமும் யானை வேண்டும். (பிள்ளையாரே யானைதானே என்றேன். எடுபடவில்லை.) மணமக்கள் படத்துக்குப் பின்னால் இதயம் ஒன்று மின்ன வேண்டும். காகிதத்தில் எப்படி மின்னும் என்று கேட்டதற்கு, "நீதான்த்தா படிச்சவ" என்றார்.

யானைகளுக்கு ஒத்துக்கொண்டேன். இதயத்துக்கு மாட்டேன் என்றேன். ஆளுக்குப் பாதி வெற்றி.

ஏப்ரல் 28

அப்பாவோடு சிவகாசி. பஸ்ஸில் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். தூங்குவதற்கு முன், "அண்ணன் சொன்னதை மனசுல வச்சுக்காதத்தா" என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அச்சகம் புழுக்கமாக இருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடைசியாக ஒரு முறை சரிபார்த்தேன். சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்தேன். அச்சகத்துக்காரர் ஜெயசீலன், சோதனைக்கு அடித்த அட்டை ஒன்றை எடுத்துவந்து காட்டினார். நாணல் எழுத்துகள் மெரூன் அட்டையில் தங்க முலாம் பூசிப் பளபளத்தன. நான்கு வருடம் இதற்குத்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

தாத்தா பெயரின் அடியைச் சுட்டிக்காட்டி ஜெயசீலன் ஏதோ கேட்டார். மெஷின் சத்தம். "டிசைன்" என்றேன்.

அப்பா வெளியே கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மே 2

பத்திரிகைக் கட்டுகள் வந்துவிட்டன. அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு, மூன்றாவதிலிருந்து பெரியப்பா கையால் ஊருக்கு. அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி இல்லாமல்தான் பார்த்தார், அது அவருக்கு வயதைக் காட்டிவிடுமாம். "தங்கமா மின்னுதே!" என்று என் தலையில் கை வைத்தார்.

வெள்ளை வேட்டி, சந்தனம், அம்பாசடர் கார். இன்று முதல் வீடு வீடாகப் போகிறார்.

மே 4

அம்மாவுக்கு முறுக்குப் பிழிந்து கொடுத்தேன். கை வலி.

மே 7

பெரியப்பா இன்னும் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறார். போகிற வீடுகளிலெல்லாம் வழக்கத்தைவிட அதிக மரியாதையாம். "எல்லாரும் அட்டையை வாங்கிப் பாத்துட்டு என்னையே பாக்குறாய்ங்கத்தா. சிலர் எந்திரிச்சே நின்னுட்டாய்ங்க. ஒருத்தன் கையைப் பிடிச்சுக்கிட்டு 'தைரியமா இருங்க'ன்னான். மகளைக் கட்டிக் குடுக்குறோம்ல, அதைத்தான் சொல்றான்."

முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

மே 10

வெடித்துவிட்டது.

திருமங்கலத்தில் பெரியப்பாவின் பழைய சிநேகிதர், பேச்சில் வடிகட்டி கிடையாதவர், பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "என்னய்யா ராஜாங்கம், உன் பேரை நீயே அடிச்சுட்டு நீயே கொண்டாந்து குடுக்குற?"

கண்ணாடியை மாட்டிப் பார்த்திருக்கிறார். மேலே 'சோலைமுத்து'. அந்த 'து'விலிருந்து கிளம்பிய தங்க வால் கீழ் வரிக்கு இறங்கி, 'ராஜாங்கம்' என்ற பெயரின் நட்டநடுவே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, அளவெடுத்த மாதிரி ஓடியிருக்கிறது. காலஞ்சென்ற அப்பா எழுந்து வந்து மூத்த மகன் பெயரைத் தங்கக் கோட்டால் அடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாற்போல.

அந்த அட்டையைத்தான் ஒரு வாரமாக வீடு வீடாகக் கும்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

அப்பா என் முன்னால் வந்து நின்றார். கையில் அட்டை. "எப்படித்தா இப்படி ஆச்சு?"

"தானா வந்துருக்கும்ப்பா. சாஃப்ட்வேர்ல சில நேரம் அப்படி ஆகும். நான் கவனிக்கலை."

அப்பா அதை நம்பினார். அப்பா எதையும் நம்புவார்.

மே 11

புதிதாக அச்சடித்துவிடலாமே என்றேன். அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையை இரண்டாம் தடவை அடித்தால் பெண்ணுக்கு இரண்டாம் கல்யாணம் வருமாம். எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "எங்க சாத்திரத்துல" என்றாள்.

மிச்சமிருந்த அட்டைகளில் தங்கக் கோட்டை பிளேடால் சுரண்டிப் பார்த்தோம். கோடு போனது. பெரியப்பாவின் பெயரும் கூடவே போய்விட்டது.

மே 13

பெரியப்பா சொல்லியனுப்பிவிட்டார்: "பேரு இல்லாதவன் எதுக்குப் பந்தலுக்கு வரணும்?"

அப்பா நேரில் போய் நின்றார். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அதற்குள் திண்டுக்கல்லிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன். "பெரியவர் பேரை அடிச்சிருக்காமே, பங்காளிச் சண்டையா? அப்படி ஏதும் இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. இவர் வந்து பேசித்தான் நாங்க சம்மதிச்சோம். அவரே வரலைன்னா எங்க சொந்தத்துக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

நித்திலா கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் மூன்று வருடக் காதல்; அதை இரண்டு வீட்டுக்கும் எடுத்துச் சொல்லிப் பேசி முடித்தவர் பெரியப்பாதான். அவர் வராவிட்டால் கல்யாணம் நிற்கும். நிற்காவிட்டாலும் நொண்டும்.

மே 14

நித்திலா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கூப்பிட்டாத்தான் வால் வரும்னு நீதானேக்கா சொன்ன?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன்க்கா? பெரியப்பா பாவம்க்கா."

ராஜாங்கத்தைப் பாவம் என்று ஒருவர் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். "உன் அக்கா பாவமில்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்கு ஒன்றும் இல்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தது அந்த ஒரு வாக்கியத்தில் அம்மணமாகிவிட்டது.

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தாள். பிறகு அழுதுகொண்டே போய்விட்டாள். அழவேண்டியது நான். இந்த வீட்டில் அதற்கும் தங்கைக்குத்தான் முன்னுரிமை.

மே 16

வேறு வழியில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, நாணம் (என்னுடையது) எல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அம்மா கூட வருகிறேன் என்றாள். வேண்டாமென்றேன். மன்னிப்புக் கேட்கும்போது சாட்சி வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை.

கரண்ட் இல்லை. பெரியப்பா பனியனோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். தலைக்கு மேல் விசிறி நின்றிருந்தது. மூன்று இறக்கையிலும் 'ராஜாங்கம்', 'ராஜாங்கம்', 'ராஜாங்கம்'. எங்கும் கோடு இல்லை.

"வாத்தா. தட்டை அங்குட்டு வையி."

"பெரியப்பா, அது தானா..."

"தானா வந்துச்சுன்னு உங்கப்பன் சொன்னான். நானும் தலையாட்டுனேன். இத்தனை வருசமா கம்பி விக்கிறேன். எது தானா வளையும், எது வளைச்சா வளையும்னு எனக்குத் தெரியாதாத்தா?"

தரையைப் பார்த்தேன். மொசைக்கில் எறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் நிம்மதி எனக்கு இல்லை.

"உன் பேரை எடுத்தோம்னு என் பேரை அடிச்ச. அப்படித்தானே?"

தாம்பாளத்தில் சரிந்த வெற்றிலையை நேராக்கினேன்.

"கோவம் வரத்தான் செய்யும். தப்பில்லை. ஆனா ஆளைப் பாத்து அடிக்கணும்லத்தா."

"என்ன பெரியப்பா சொல்றீங்க?"

வாய் தவறிச் சொல்லிவிட்டோம் என்று பெரியப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். துண்டை எடுத்து முகம் துடைத்தார். விசிறியைப் பார்த்தார். கரண்ட் வந்து காப்பாற்றும் என்று பார்த்தாரோ என்னவோ, வரவில்லை.

"மகாநாட்டுக்கு மொத நாள் நித்திலா இங்க வந்துச்சு. அந்த மாப்பிள்ளையோட ஆத்தா கேட்டுச்சாம், 'மூத்தவ சும்மா இருக்கையில இளையவளுக்குப் பண்றாங்களேன்னு எங்க ஆளுக பேசுவாக, அவ பேரு பத்திரிகையில இல்லாமப் பாத்துக்கம்மா'ன்னு. நம்ம பிள்ளையும் சரின்னு தலையாட்டிட்டு வந்துருச்சு. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலை. 'நீங்க சொன்னதாச் சொல்லிருங்க பெரியப்பா. நான் சொன்னா அக்காவுக்கு மனசு ஒடிஞ்சு போகும். நீங்க சொன்னா கோவம் மட்டும்தான் வரும்'னு அழுதுச்சு. என் மேல கோவப்படுறதுக்குக் காசா பணமா, சரின்னுட்டேன்."

எறும்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்குப் பேருன்னா எப்படின்னு ஊருக்கே தெரியும். நீயும் உன் அம்மாவும் அதைச் சொல்லிச் சிரிக்கிறதும் தெரியும். அப்படியாப்பட்டவன் இன்னொருத்தி பேரை எடுக்கச் சொல்லுவேனாத்தா?"

அழுதேன். அழகாக அழவில்லை, மூக்கு ஒழுக அழுதேன். பெரியப்பா தம் துண்டை நீட்டினார். அதன் ஓரத்திலும் 'ராஜாங்கம் ஸ்டீல்ஸ்' என்று நெய்திருந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. கண்டுகொள்ளவில்லை.

"என்னை மன்னிச்சிருங்க பெரியப்பா."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். என் பேரு ஊரெல்லாம் அடிபட்டுக் கிடக்கு. அதுக்கு வழியைச் சொல்லு. மண்டப வாசல்ல ஃபிளெக்ஸ் வைக்கணும். பெருசா. உன் எழுத்துலயே. மேல எங்கப்பன் பேரு. அதுக்குக் கீழ என் பேரு." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்குக் கீழ உன் பேரு."

"வேணாம் பெரியப்பா. மாப்பிள்ளை வீட்ல..."

"கல்யாணம் அவய்ங்களுது. ஃபிளெக்ஸ் என்னுது."

கிளம்பும்போது கூப்பிட்டார். "நித்திலாகிட்ட எதையும் கேட்டுறாத. பிள்ளை பயந்துபோய்ப் பண்ணுனது. மண்டபத்துல மூஞ்சி வீங்கி நின்னா போட்டோ நல்லா வராது."

மே 17

நித்திலாவுக்குத் தலைவலி என்று அம்மா சொன்னாள். எனக்கும்தான்.

மே 18

மயில்கழுத்துப் புடவையை எடுத்துப் பார்த்தேன். நல்ல பிள்ளை என்று எழுதியிருந்தேன், ஏப்ரல் 20-இல். நான்கு வருடம் ஒரு 'க'வின் வளைவைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவளுக்குக் கூடப் பிறந்தவளின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. அவள் மேல் வந்திருப்பது கோபமாக இருந்தால் தேவலாம். அவள் கணித்தது சரி. ஒடிந்துதான் போயிருக்கிறது.

சாயங்காலம் வந்து கேட்டாள். "பெரியப்பாகிட்ட என்னக்கா பேசுன?"

"எழுத்து பத்தி."

"வர்றாங்களா?"

"வர்றார்."

அவளுடைய தோள்கள் இறங்கின. அவ்வளவு நாளும் எத்தனை பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பின்னால் வந்து என் முதுகைக் கட்டிக்கொண்டாள். நான் விலக்கவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை.

மே 21

ஃபிளெக்ஸ் கடை. வடிவமைப்பாளர் ஒரு பெண், கல்பனா என்று பெயர். பெரியப்பாவும் கூட வந்து உட்கார்ந்துவிட்டார். நாணலைக் கணினியில் ஏற்றினேன். கல்பனா பார்த்துவிட்டு, "எழுத்து சூப்பரா இருக்குக்கா, படிக்கத்தான் நேரமாகுது" என்றாள். உலகம் முழுக்க ஒரே கருத்து.

பெரியப்பாவின் விருப்பங்கள்: கைகூப்பிய படம், கைப்பேசியில் பேசும் படம், நடந்து வரும் படம். ஒரே பலகையில் மூன்று ராஜாங்கம். மணமக்களுக்கு மூலையில் அஞ்சல்தலை அளவில் இடம் கிடைத்தது. மின்னும் இதயமும் வந்துவிட்டது. நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசும் உரிமையை நான் தங்க முலாமில் செலவழித்துத் தீர்த்துவிட்டேன்.

தாத்தா பெயர், பெரியப்பா பெயர், என் பெயர். மூன்றும் நாணலில், ஆள் உயரத்துக்கு.

"அந்த 'து'வுக்கு வால் இருக்குல்லக்கா, பத்திரிகையில பாத்தேன்" என்றாள் கல்பனா. "நீட்டிவிடவா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் மூலையில் இருந்த நித்திலாவின் பெயரைப் பார்த்தேன். அதைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தால் வால் எங்கே போகும் என்று பார்த்தேன். கை எலியை நோக்கிப் போனது. மவுஸைத்தான் சொல்கிறேன், கல்பனா அப்படித்தான் கிண்டலாகச் சொன்னாள்.

"நகருங்க, நான் பண்றேன்" என்றேன்.

மே 24

கல்யாணம் முடிந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். வாசலில் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. திண்டுக்கல் வேன்கள் வந்து நின்றன. பெரியப்பா பட்டு வேட்டியில், தம் மூன்று படங்களுக்கும் கீழே நாலாவதாக நின்று வரவேற்றார். அப்பா அவருக்கு ஓரடி பின்னால், முகமெல்லாம் பல். நித்திலா அலங்காரத்தோடு மண்டபப் படியில் நின்றாள். அவள் ஃபிளெக்ஸை இன்னும் பார்த்திருக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். நாணல் சட்டென்று படிக்க வராத எழுத்து. நாலு வருடமாக எல்லோரும் சொன்ன குறை இன்று முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது. அவர் நின்று, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி, கூட்டத்துக்கே கேட்கும்படி படித்தார்.

"சோ...லை...முத்து. ராஜாங்கம். மங்...கை...யர்க்...கரசி." இன்னொரு தரம், சேர்த்து: "மங்கையர்க்கரசி." பிறகு வரப்போகிற மருமகள் நித்திலாவின் பக்கம் திரும்பினார். "யாரும்மா இது?"

அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டார். கூட இருந்த சொந்தங்களும் நித்திலாவைப் பார்த்தார்கள்.

நித்திலா ஃபிளெக்ஸைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் முருகனைத் தேடுவதுபோல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேக்கப் போட்ட பெண் பதறிப்போய் டிஷ்யூவோடு ஓடிவந்தாள்.

"எங்க அக்கா, அத்தை" என்றாள் நித்திலா. குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள், முதல் தடவையைவிடச் சத்தமாக. "கூடப் பிறந்த அக்கா. இன்னும் கல்யாணம் ஆகலை. இந்த எழுத்தெல்லாம் அவ எழுதுனதுதான்."

மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு படியேறினார். "எழுத்து நல்லாருக்கு" என்று பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவர் சொன்னார். படித்திருக்க மாட்டார்.

கூட்டம் உள்ளே போனபிறகு நான் மட்டும் வாசலில் நின்று ஃபிளெக்ஸைப் பார்த்தேன். 'ர்க்'குக்கும் 'க'வுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் நெருக்கம், அடுத்த பதிப்பில் சரிசெய்ய வேண்டும். இதயம் சகிக்கவில்லை. தாத்தாவின் 'து'விலிருந்து கிளம்பிய வால் பெரியப்பாவின் பெயரைத் தொடாமல் ஓரமாகவே இறங்கி, என் பெயருக்கு அடியில் நீளமாகப் போய், மெலிந்து நின்றது.

அது தானாக வரவில்லை. நான்தான் வைத்தேன்.